கச்சிதம் மாஸ்டரின் பெரிய வண்டி

இனி சாகும்வரை சின்னக் காரில் ஏறுவதில்லை என்று கச்சிதம் மாஸ்டர் சபதம் செய்தபோது, அந்தச் சின்னக் காருக்குள்தான் உட்கார்ந்திருந்தார். சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. மாஸ்டரின் ஜன்னல் உயரத்துக்கு அதன் டயர்தான் தெரிந்தது. மேலே எங்கேயோ கண்ணாடி இறங்கி, ஒரு மோவாய் எட்டிப் பார்த்தது.

"என்ன சகலை, கீழ இருக்கீங்களா? நல்லவேளை, கவனிச்சேன்."

அந்த மோவாய் மாஸ்டர் மனைவியுடைய அக்கா புருஷனுக்குச் சொந்தம். பச்சை விழுந்ததும் பெரிய வண்டி பறந்துவிட்டது. மாஸ்டர் மட்டும் உறைந்துபோய் நின்று, பின்னால் ஹாரன் அடித்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மாஸ்டருக்குத் தையல் கடை. எதைத் தைத்தாலும் உடம்போடு ஒட்டித் தைப்பார். கச்சிதம் என்ற பேர் அப்படித்தான் வந்தது. வெட்டுவது அவர் வேலை. கை கால் அசையக் கொஞ்சம் துணி விட்டுத் தைத்து, சட்டை போட்டவன் மூச்சு விடும்படி பார்த்துக்கொள்வது அவர் மனைவியின் வேலை.

சிக்னலில் பட்ட அவமானத்தை மனைவியிடம் சொல்ல முடியுமா? அதுவும் அவள் அக்கா புருஷன் விஷயத்தை? ஒரு மாதம் மனசுக்குள்ளேயே புழுங்கிவிட்டு, மாஸ்டர் பாதுகாப்பைக் கையில் எடுத்தார்.

"நம்மகிட்ட இருக்கறது கார் இல்லம்மா, தீப்பெட்டி. எவனாவது இடிச்சா உள்ள இருக்கற நாம ரெண்டு குச்சி. பெரிய வண்டின்னா இரும்புக் கோட்டை. எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பெருசும் சின்னதும் மோதினா சின்னதுக்குத்தான் அடி ஜாஸ்தி. அது நிஜம்தாங்க," என்றாள் அவள், பித்தான் தைத்தபடியே.

மாஸ்டர் உஷாரானார். கல்யாணமான நாள் முதல், அவள் உடனே ஒத்துக்கொண்ட விஷயத்தில்தான் அவர் தோற்றிருக்கிறார்.

"அந்த பயத்துல நாம பெருசு வாங்கறோம். எதிர்வீட்டுக்காரர் நமக்குப் பயந்து இன்னும் பெருசு வாங்குவாரு. அப்புறம் நாம என்ன பண்ணுவோம்?"

"அதைவிடப் பெருசு வாங்குவோம்."

"கடைசில எல்லாரும் லாரிலதான் கடைக்குப் போகணும்."

மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரும்பின் கனம், இருக்கையின் உயரம், டயரின் அகலம் என்று ஒரு பிரசங்கமே நடத்தினார். அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொன்னாள். கனமான வண்டி பிரேக் போட்டாலும் லேசில் நிற்காதாம். உயரமான வண்டி வளைவில் சாயுமாம். யானைக்கும் அடி சறுக்குமாம். மனுஷன் ஒரு வண்டி வாங்கக்கூடாதா? இதென்ன வீடா, கோர்ட்டா என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளப் போன நேரத்தில், அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"சரிங்க. ஒரு நாள் ஓட்டிப் பாக்கக் கொண்டு வாங்க. நம்ம ஷெட்ல நிக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்தில் கிடந்த டேப்போடு வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டுக்கு ஓடினார். இரண்டு சுவருக்கும் நடுவே அளந்தார். பிறகு பழைய வண்டிகள் விற்கும் கடைக்குப் போய், அங்கே நின்ற மிகப் பெரிய வண்டியைத் தோளுக்குத் தோள் அளந்தார். கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பக்கவாட்டுக் கண்ணாடிகளை மடித்துவிட்டால் பக்கத்துக்கு நாலு விரல் இடம் மிச்சம். மாஸ்டர் வீட்டுக்கு வந்து பெருமையாக அறிவித்தார். அவள் "நாலு விரலா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வண்டி தெருவுக்கு வந்தது. மாஸ்டர் மேலே உட்கார்ந்திருந்தார். மொட்டை மாடி தெரிந்தது, மின்கம்பி தெரிந்தது, பெண்டாட்டியைத்தான் காணோம். ஹாரன் அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். ஜன்னல் வழியே தலையை நீட்டி, எங்கே போய்த் தொலைந்தாய் என்று கத்தினார்.

வண்டியின் மூக்குக்கு நேர் கீழேயிருந்து அவள் நடந்து வந்தாள்.

"முன்னாடியேதான் நின்னேன். உங்க பாதுகாப்பு பிரமாதமா இருக்குங்க. எனக்குத்தான் இல்ல."

அதெல்லாம் ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று சமாளித்துவிட்டு, மாஸ்டர் கண்ணாடிகளை மடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஷெட்டுக்குள் விட்டார். ஒரு உரசல் இல்லை. தைத்து வைத்த மாதிரி நின்றது. இன்ஜினை அணைத்து, மீசையைத் தடவிவிட்டு, கதவைத் திறந்தார். கதவு நாலு விரல் திறந்து சுவரில் முட்டியது. அந்தப் பக்கக் கதவும் நாலு விரல்தான். ஜன்னல் வழியே வயிறு வர மறுத்தது. பின்னால் எடுக்கலாம் என்றால், மடித்த கண்ணாடியில் அவர் காதுதான் தெரிந்தது. குத்துமதிப்பாக எடுத்தார். கர்ர்ர் என்று ஒரு சத்தம். அடுத்தவன் வண்டி. மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது.

வாசலில் நிற்கும் மனைவிக்கு, வண்டிக்குள்ளிருந்து போன் போட்டார்.

"சட்டைலயும் இதே கதைதாங்க," என்றாள் அவள். "போட்டா கச்சிதமா இருக்கும். கழட்டத்தான் முடியாது."

"பேச்சை விடு. யாரையாவது கூப்பிடு."

"கூப்பிட்டுட்டேன். அக்காவும் மாமாவும் வந்துட்டு இருக்காங்க."

மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, அந்த ஆள் வேண்டாம்மா. ஊர்ல வேற யாரை வேணும்னாலும் கூப்பிடு."

"ஏங்க? மாமா என்ன பண்ணாரு?"

வேறு வழியில்லாமல் மாஸ்டர் உண்மையைக் கக்கினார். சிக்னலையும் டயரையும் மோவாயையும் ஒன்று விடாமல் சொன்னார். பாதுகாப்பும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, அந்த மனுஷனை ஒரே ஒரு தடவை மேலேயிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் அவள். அதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

அது ஒரு சின்னக் கார். ஓட்டி வந்தது அக்கா. பக்கத்து இருக்கையிலிருந்து சகலை இறங்கினார். ஷெட்டுக்குள் குனிந்து பார்த்தவர் முகம் மாறியது.

"அட, இது நம்ம பழைய வண்டியாச்சே. சகலை, பின் சீட்டை மடிச்சுட்டு டிக்கி வழியா வாங்க. விக்கற வரைக்கும் நானும் எங்க வீட்ல அப்படித்தான் இறங்கினேன்."

மாஸ்டர் தவழ்ந்து வந்தார். டிக்கிக்கு வெளியே தலையை நீட்டினால், மேலே அதே மோவாய். ஆனால் இந்தத் தடவை அதில் கிண்டல் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் சைக்கிள் மேல் ஒருநாள் இந்த வண்டி ஏறி நசுக்கிவிட்டதாம். குழந்தை அப்போதுதான் சைக்கிளை விட்டு இறங்கி ஓடியிருக்கிறது. "மேல உக்காந்திருந்த எனக்கு ஒண்ணுமே தெரியல சகலை," என்றார். அதற்குப் பிறகுதான் வண்டியை விற்றார்களாம். இப்போது வீட்டில் சாவி அக்காவிடம்தானாம்.

அக்கா டிக்கி வழியாக ஏறி, கண்ணாடிகளை நாலு விரல் மட்டும் விரித்து, வண்டியை ஒரே மூச்சில் வெளியே எடுத்தாள். மாஸ்டர் மனைவியைத் தனியே இழுத்தார்.

"இது அவங்க வண்டின்னு உனக்குத் தெரியுமா?"

"தெருவுல நம்பரைப் பாத்ததுமே தெரியும்."

"சொல்லித் தொலைக்கறதுதானே?"

"நான் சொல்லி நீங்க எதைக் கேட்டிருக்கீங்க? அதான் வண்டியே சொல்லட்டும்னு விட்டேன்." அவள் கையை நீட்டினாள். "வண்டி பெருசா சின்னதாங்கறது அப்புறம். ஓட்டறது யாருன்னு முதல்ல பாப்போம். சின்னக் கார் சாவியைக் குடுங்க."

அவளும் லைசென்ஸ் வைத்திருப்பவள்தான். மாஸ்டர்தான் இதுவரை சாவியைத் தந்ததில்லை. பெரிய வண்டியைக் கடையில் திருப்பி விட அக்கா முன்னால் கிளம்ப, பின்னால் போக அவள் சின்னக் காரை எடுத்தாள். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் ஏறினார். சகலை ஜன்னலோரம் குனிந்து, பெல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இந்தப் பக்கம் முதல்ல கொஞ்சம் இறுக்கற மாதிரி இருக்கும் சகலை. போகப் போகப் பழகிடும்."