ஏற்றி விடுவது எங்கள் பொறுப்பு

நான் "ஒரு ஐடியா" என்று வாயைத் திறந்தால் போதும், என் மைமூன் லாத்தா எழுந்துபோய் வீட்டில் இருக்கிற வண்டிச் சாவிகளையெல்லாம் எடுத்து ஒளித்துவைத்துவிடுவாள். (லாத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா.) அறுபதை நெருங்குகிறேன், தலையில் பாதி முடி இல்லை. ஐடியா சமையலறை அலமாரியைப் பற்றியதாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் சாவி போய்விடும். அவளைக் குறை சொல்ல மாட்டேன். முட்டாள்கள் செய்கிற சேதத்தைவிட, பாதி படித்துவிட்டுக் கிளம்புகிற கெட்டிக்காரர்கள் செய்கிற சேதம் பெரிது. நான் அந்த இரண்டாவது கோஷ்டி. (அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் கோஷ்டியிலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே காலேஜ் போய்க்கொண்டிருந்தேன். பி.காம். இரண்டாம் வருடம். பாடப் புத்தகம் தவிர எல்லாவற்றையும் படிப்பேன். ஸ்டேஷன் பக்கத்து நடைபாதைக் கடையில் ஒருநாள் பழைய அமெரிக்கப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அதில் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள், தடித்த டயர் போட்ட சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மலை உச்சிக்குப் போகிறார்கள். மேலே இறக்குகிறார்கள். பெடலே மிதிக்காமல் காற்றாகக் கீழே வருகிறார்கள். கீழே லாரி நிற்கிறது. மறுபடி மேலே. இதற்கு 'ஷட்டில்' என்று பெயர் போட்டிருந்தது. கட்டுரையின் கடைசி இரண்டு பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மலைக்குப் பஞ்சமில்லை, கண்டாலா இருக்கிறது. சைக்கிள்காரர்கள் இருக்கிறார்கள். லாரிக்குப் பதில், என் லாத்தாவின் புருஷன் காதர் மச்சானிடம் ஒரு டெம்போ இருந்தது.

அந்த டெம்போவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேவ்நார் ஆட்டுத்தொட்டியிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றிக்கொண்டுவந்து தாராவி கார்கானாக்களில், அதாவது தோல் பட்டறைகளில், இறக்குகிற வண்டி. அது வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. மச்சானைப் பம்பாயில் பிடித்துவைத்திருந்ததே அந்த வண்டிதான். துபாய்க்கு டிரைவர் வேலை என்று ஏஜெண்ட் ஒருத்தர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தார். லாத்தா அப்போது ஐந்து மாசம் முழுகாமல் இருந்தாள். "இந்த வண்டி ஓடுற வரைக்கும் நீங்க எங்கயும் போகப்படாது" என்று சொல்லி, மச்சானின் பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டாள். ஏஜெண்டிடம் "காணாமப் போச்சு" என்று மச்சானே சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மச்சான், ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதானே நிக்குது?" என்று ஆரம்பித்தேன்.

"நிக்கல மாப்ளே, தூங்குது. அதுக்கும் ஒரு நாள் வேணும்லா?"

பத்திரிகையைக் காட்டினேன். மச்சான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சைக்கிள எதுக்கு வாங்குறான்? ஓட்டத்தானே? அத ஏன் வண்டியில ஏத்துறான்?"

"மேல ஏறுறது கஷ்டம்லா மச்சான். நாம ஏத்தி விட்டுட்டா, அவங்களே கீழ வந்துருவாங்க."

"கீழ வர்றதுக்கு எதுக்கு மாப்ளே ஆளு? கல்ல உருட்டி விட்டாலும் வந்துரும்."

(இந்தத் தொழிலைப் பற்றி யாரும் இதைவிடச் சுருக்கமாக எச்சரிக்க முடியாது. நான் சிரித்துவைத்தேன்.)

உள்ளேயிருந்து லாத்தாவின் குரல் வந்தது: "ஏலேய், அந்த வண்டிக்கு மட்டும் ஏதாவது ஆச்சு..." வாக்கியத்தை முடிக்கவில்லை. அகப்பையால் அரிசி டின்னை இரண்டு தட்டுத் தட்டினாள்.

மச்சான் அஞ்சாவது வரை படித்தவர். என் பி.காமை டாக்டர் படிப்பு மாதிரி மதித்தார். அதனால்தான் ஒத்துக்கொண்டார். வேறு காரணமே இல்லை.

தயாரிப்பில் இறங்கினேன். பினாயில் போட்டு வண்டியைக் கழுவினேன். தோல் நாற்றம் போகவில்லை, பினாயில் நாற்றமும் சேர்ந்துகொண்டது. ஒரு பலகை வாங்கி, சிவப்புப் பெயிண்டில் நானே எழுதினேன்: 'ஏற்றி விடுவது எங்கள் பொறுப்பு! இறங்குவது உங்கள் இன்பம்!' அதை வண்டியின் பின்பக்கம், உள்ளே, மேல் கம்பியில் கட்டினேன். விசில் ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். (எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.)

வாடிக்கையாளர்கள் மூன்று பேர். என் வகுப்புத் தோழன் வெங்கட், மாட்டுங்கா பையன். அவன் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கியர் சைக்கிளை வாரம் இரண்டு தடவை குளிப்பாட்டுவான். மற்ற இருவரும் செம்பூர் சிந்தி சகோதரர்கள், மோகனும் ஹரீஷும். வெங்கட் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"ஒரு கீறல் விழப்படாது. விழுந்தா சித்தப்பா என்னைக் கொன்னுடுவார்."

கீறல் விழக் கூடாது. என்ன செய்யலாம்? தாராவிக்காரன் எவனும் செய்கிறதைத்தான் செய்தேன். பக்கத்துக் கார்கானாவில் மீன் எண்ணெய் ஊட்டி உலர்த்தாமல் போட்டிருந்த மெத்து மெத்தென்ற தோல் துண்டுகளை ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்தேன். பதனிட்ட தோல் வெடிக்காமல் இருக்க மீன் எண்ணெய் ஊட்டுவார்கள். பஞ்சு தோற்றுப்போகும், அவ்வளவு மிருதுவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று சைக்கிள்களையும் படுக்கவைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ரிம்மைச் சுற்றித் தோலைச் செருகி, கயிறு போட்டு இறுக்கினேன். பிள்ளையைத் தொட்டிலில் போட்ட மாதிரி இருந்தது. என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

கண்டாலா போய்ச் சேர மூன்றரை மணி நேரம். அந்த மூன்றரை மணி நேரமும் வண்டி குலுங்கக் குலுங்க, தோல் துண்டுகள் ஆறு ரிம்களையும் பொறுமையாக, பாசமாக, எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. நான் முன்னால் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வருடம் இரண்டாவது டெம்போ வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு போதும் மாப்ளே," என்றார் மச்சான். "பிள்ள பொறந்ததும் ஞாயித்துக்கிழமை அதத் தூக்கிட்டு சௌபாத்தி கடற்கரைக்குப் போவணும். ரெண்டு வண்டி இருந்தா யாரு தூக்குறது?"

லாரிகள் போகாத ஒரு கிளைச் சாலையைப் பார்த்துவைத்திருந்தேன். உச்சியில் சமதளம். சைக்கிள்களை இறக்கினோம். ஒரு கீறல் இல்லை. ரிம்கள் பளபளவென்று மின்னின. "தேக், கைஸா சமக் ரஹா ஹை!" என்று மோகன் தன் ரிம் மின்னுவதைத் தம்பிக்குக் காட்டினான். நான் பாதுகாப்பைப் பற்றிப் பத்து நிமிடம் சொற்பொழிவு ஆற்றினேன். இடது பக்கம் போவது, இடைவெளி விடுவது, விசில் ஊதினால் நிற்பது, எல்லாம் சொன்னேன். பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. விசில் ஊதினேன். போனார்கள்.

நாங்கள் டெம்போவில் பின்னால் இறங்கினோம். முதல் வளைவு வரை எல்லாம் அந்தப் பத்திரிகைப் படம் மாதிரியே இருந்தது. அப்புறம் ஹரீஷின் குரல் கேட்டது: "பிரேக் நஹீ லக் ரஹா! அரே பிரேக் நஹீ லக் ரஹா!" தொடர்ந்து மோகனும் அதையே கத்தினான். பிரேக் பிடிக்கவில்லை என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னால் அது தற்செயல் இல்லை என்று புரிகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இருந்தது. விசில் ஊதினேன். நிற்கத்தான் முடியவில்லை என்று கத்துகிறவர்களிடம், நில் என்று விசில் ஊதினேன்.

சகோதரர்கள் புத்திசாலிகள். செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய் ஓரத்துப் புதரில் விழுந்தார்கள். முள் குத்தியதோடு சரி. வெங்கட் விழ மாட்டான். விழுந்தால் கீறல் விழுமே! கியர் சைக்கிள் வேறு. போதாததற்கு, மீன் வாசத்தைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்தோ நான்கு நாய்கள் வந்து அவனைத் துரத்தின. அவை அவனைக் கடிக்க வரவில்லை, அவன் சக்கரத்தை நக்க வந்தன என்பது அவனுக்குத் தெரியாது. பயத்தில் மிதித்தான்!

கீழே அடுத்த வளைவு தெரிந்தது. அதற்கு அப்புறம் சாலை தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது.

மச்சான் ஹாரனை அமுக்கியபடி வெங்கட்டைத் தாண்டி அவனுக்கு முன்னால் போனார். "பின்னால போ. அவனப் பிடி" என்றார். இருக்கைக்குப் பின்னால் இருந்த திறப்பு வழியாக நான் உள்ளே குதித்து, பின்பலகைக்கு ஓடினேன். மச்சான் வேகத்தைக் குறைத்துக் குறைத்து வண்டியை அவனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஒரு கை தூரத்தில் வெங்கட்டின் முகம். கண் என் தலைக்கு மேலே நிலைகுத்தியிருந்தது. என் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இ... ற... ங்... கு..." என்று வாய் அசைந்தது.

"படிக்காதடா! கையக் குடு!"

ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டேன். அவன் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். ஆனால் வளைவு வந்துவிட்டது. அந்த இறக்கத்தில் சட்டென்று பிரேக் போட்டால் வெங்கட் வண்டிக்கு அடியில் போய்விடுவான். மச்சான் போடவில்லை. வண்டியின் இடது பக்கத்தை மலைச் சுவரில் சாய்த்துத் தேய்த்துத் தேய்த்தே வேகத்தைக் கொன்றார். தகரம் கிழிகிற சத்தம். வெங்கட் நின்றுவிட்டான். முன்சக்கரம் சாக்கடைப் பள்ளத்தில் இறங்கி, வண்டியின் மூக்கு பாறையில் மோதியது.

வெங்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளில் ஒரு கீறல் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே மச்சானின் வலது முட்டி சிக்கியிருந்தது. எடுத்து உட்காரவைத்தோம். முதல் காரியமாக, பக்கத்தில் கிடந்த கியர் சைக்கிளில் பிரேக் கட்டை கவ்வுகிற ரிம்மை விரலால் தடவினார். விரலை மோந்து பார்த்தார்.

"மாப்ளே. நம்ம கார்கானா தோலா?"

"கீறல் விழக் கூடாதேன்னு மச்சான்..."

அவர் என்னைத் திட்டவில்லை. நொறுங்கிக் கிடந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே, "நல்ல எண்ணெய்தான்" என்றார்.

டெம்போவைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய்க் குர்லாவில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சேசிஸே வளைஞ்சிருச்சு. இனி இது வண்டியில்ல" என்றார். நான் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன். லாத்தா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். டின் மூடியைத் திறந்து, கையை முழங்கை வரை அரிசிக்குள் விட்டு, பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த தவிட்டை முந்தானையால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். அவள் திட்டியிருந்தால் நான் இதைச் சிரிப்புக் கதையாகவே எழுதி முடித்திருப்பேன்.

முட்டி ஒருவழியாக மடங்க ஆரம்பித்ததும் மச்சான் கிளம்பினார். ஏர்போர்ட் வாசலில் பட்டப்பகல் வெயில். லாத்தா நிறைமாசம், வரவில்லை. பெட்டியை நான் தூக்கிக்கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கன்னத்தில் தட்டினார்.

"ஏத்தி விட்டுட்டேல்லா மாப்ளே? இறங்குறத நான் பாத்துக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பலகையை வைத்து எங்கள் குடும்பத்தில் சொல்லப்பட்ட முதல் ஜோக் அது.

அங்கிருந்து கடிதம் எழுதினார்: 'இங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை மாப்ளே. எல்லாம் தட்டையான மணல். நீ வந்தால் உனக்குத் தொழிலே கிடையாது.' அதையும் வீட்டில் உரக்கப் படித்துச் சிரித்தார்கள். பெண் பிறந்தது, ஜமீலா. முதல் தடவை அவர் லீவில் வந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரு மாமா இவரு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். சௌபாத்திக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான்.

பதினேழு வருடம் அப்படி ஓடியது, அதற்கப்புறம்தான் மச்சான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வெங்கட்டும் ஒவ்வொரு கல்யாணத்திலும் தன் பங்கைச் சொல்வான்: "பத்து வருஷம் தமிழ்ச் சங்கத்துல தமிழ் படிக்கக் கிளாஸ் போனேன், வரலை. அந்த ஒரு வளைவுல கத்துண்டேன்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். லாத்தா மட்டும் எழுந்துபோய் ஏதாவது பாத்திரத்தை எடுத்துவைப்பாள்.

இப்போது அவர்கள் செம்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். லிஃப்ட் இல்லை. மச்சானின் வலது முட்டி இறங்கும்போது ஒத்துழைக்கும், ஏறும்போது மறுத்துவிடும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நான் போய் என் தோளில் அவர் கையைப் போட்டு ஏற்றிக்கொண்டு வருவேன். தெருப் பிள்ளைகள் "ஷட்டில் ஆயா!", அதாவது ஷட்டில் வந்தாச்சு, என்று கத்தும். மேலே ஜமீலா கதவைத் திறந்துவைத்து, "வாங்க வாப்பா, உக்காருங்க" என்று விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரிச் சொல்வாள். அவரும் நாற்காலி நுனியில், விருந்தாளி மாதிரியே உட்காருவார்.

போன மாசம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் எனக்கே மூச்சு வாங்கிவிட்டது. "ஒரு நிமிஷம் மச்சான்" என்று சுவரில் சாய்ந்தேன். மேலேயிருந்து, கைப்பிடிக் கம்பி வழியாக எட்டிப் பார்த்த லாத்தாவின் குரல் வந்தது.

"என்னலே நின்னுட்டே? ஏத்தி விடுறது ஒம் பொறுப்பு இல்லியா? ஏத்து!"

இத்தனை வருடத்தில் அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மச்சான் அப்படியே படியில் உட்கார்ந்து முட்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவரைத் தூக்கி நிறுத்தி, கண் நிறைந்ததில் படி தெரியாமல், காலால் தடவித் தடவி மேலே ஏற்றினேன்.