பாய்லர் அறிவிப்புக்கு நான் கேட்காத மன்னிப்பு

மதிப்பிற்குரிய கல்லூரி அறிவிப்பு மடலின் ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் மாணவி ஒருத்தியின் தகப்பனும், ஓய்வுபெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளனுமான அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும், முதல்வர் ஐயாவும், விடுதியின் வெந்நீர் பாய்லரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாய்லர் பரம சௌக்கியம் என்பது எனக்கு இப்போது ஊர்ஜிதமாகவே தெரியும். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கல்லூரியின் குளிர்கால நிகழ்ச்சிகளுக்கு நான் உண்டாக்கிய இடையூறுக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தொலைபேசியில் உத்தரவு போட்டீர்கள். கேட்கத்தான் உட்கார்ந்தேன். நல்ல தாளாக எடுத்து, ஓரம் விட்டு, ‘நடந்துவிட்ட தவறுக்கு’ என்று எழுதும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அதற்கு அடுத்து, தவறு யாருடையது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டேன். யோசித்திருக்கக் கூடாது.

எங்கள் மகள் தங்களிடம் குளிர்பதனப் பொறியியல் படிக்கிறாள். பதிவேட்டில் அவளுக்கு நீளமான பெயர் உண்டு. எங்களுக்கு அவள் பாப்பா. கல்லூரியில் சேரும்போது மின்னஞ்சல் முகவரி கேட்டீர்களாம். தன்னுடையதைக் கொடுத்தால் பெட்டி குப்பையாகிவிடும் என்று சமயோசிதமாக என்னுடையதைக் கொடுத்துவிட்டாள். பெற்றவன் எதற்கு இருக்கிறான்? அன்றிலிருந்து தங்கள் மடல்கள் அத்தனையும் எனக்கே வருகின்றன. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே ஒன்று வந்து நிற்கும். நானும் கடமை தவறாமல் பாப்பாவுக்குப் போன் போட்டு வாசிப்பேன். “அப்பா, கிளாஸ்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்” என்பாள். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. பாப்பாவும் அப்படித்தான். போன விடுமுறைக்கு ஏதோ பயிற்சி, வரவில்லை. அதற்கு முந்தைய விடுமுறைக்கு ஏதோ போட்டி, வரவில்லை. இந்தக் குளிர்கால விடுமுறைக்காவது வீடு வந்து சேர வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் இருக்கிற ஒரே ஆசை. சுற்றி வளைக்காமல் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுற்றி வளைப்பது தங்கள் துறை.

தங்கள் எழுத்துத் திறமையைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் என் மனசாட்சி உறுத்தும். நான் மைக்கில் பேசிய காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: எந்த வண்டி, எத்தனை மணி, எந்த பிளாட்பாரம். மூட்டை முடிச்சோடு ஓடுகிறவனுக்கு அது போதும். தாங்களோ ‘குளிர்காலம் என்பது வெறும் பருவமன்று, அது வாய்ப்புகளின் வாசல்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். சரி, வாசல் எங்கே என்று தேடிக்கொண்டு உள்ளே போனால் தலைமைப் பண்புப் பயிலரங்கம் என்கிறீர்கள், சேர்ந்திசைக் குழுவுக்குக் குரல் தேர்வு என்கிறீர்கள், பறவைகளைக் கணக்கெடுக்கத் தன்னார்வலர் தேவை என்கிறீர்கள், முதல்வருடன் ஒரு கோப்பை சூடான பானம் என்கிறீர்கள். குளிர்பதன ஆய்வகத்தில் குளிர்கால உதவியாளர் என்று ஒரு வேலை. பல் கிட்டித்துப்போகிற குளிரில் பிள்ளையைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் குளிர வைக்கச் சொல்வதற்கு ஒரு தனி மனசு வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ‘வாய்ப்புகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி’ என்பதற்கு ஒரு வாய்ப்பு! அதற்கு முன்பதிவு கட்டாயம். ஆனால் எங்கே, என்றைக்கு, யாரைப் பார்ப்பது என்பது மட்டும் மடலில் எங்குமே கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள முந்தைய மடலைப் பார்க்கச் சொல்கிறீர்கள். முந்தைய மடல் அடுத்த மடலை எதிர்பார்க்கச் சொல்கிறது.

இந்த நிலையில்தான் அந்தப் பாய்லர் மடல் வந்தது. ‘கதகதப்பான எங்கள் குடும்பத்தினரே’ என்று அதைத் தொடங்கியிருந்தீர்கள். குளிரின் மேன்மையைப் பற்றி, ஒன்றுகூடி வாழ்வதைப் பற்றி, கம்பளி ஆடைகளைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றியெல்லாம் எழுதி, கடைசிக்கு முந்தைய பத்தியில், போகிற போக்கில், விடுதி பாய்லர் பராமரிப்பின் பொருட்டு ‘விரைவில் ஓய்வெடுக்கும்’ என்றும், மாணவர்கள் ‘தங்கள் பயணத் திட்டங்களை அதற்கேற்ப அன்புடன் சிந்திக்கலாம்’ என்றும் ஒரு வரி. அம்மா, நான் அதை மூன்று முறை வாசித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். “பாய்லருக்கு ஓய்வு குடுக்கறாங்களா? பரவாயில்லையே, நல்ல மனுஷங்க” என்றாள் அவள்.

சரி, ஒரு சக தொழிலாளிக்கு உதவி செய்வோம் என்ற நல்லெண்ணத்தில், அறிவிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி எழுதினேன். ‘மாணவ மாணவியரின் கனிவான கவனத்திற்கு. பழுதுபார்ப்புக்காக விடுதி பாய்லர் நிறுத்தப்படுகிறது. வெந்நீர் வராது. வீட்டுக்குச் செல்பவர்கள் இன்று மாலைக்குள் புறப்படவும். சிரமத்திற்கு வருந்துகிறோம்.’ அவ்வளவுதான். ‘இன்று மாலைக்குள்’ எங்கிருந்து வந்தது என்று தொலைபேசியில் கத்தினீர்கள் அல்லவா? தங்கள் மடலில் நேரமே இல்லை. நேரம் போடாமல் ஓர் அறிவிப்பை வெளியே விட என் கை வராது, அது என் தொழில் புத்தி, ஆகவே நானே ஒன்று போட்டேன். எழுதும்போது என் கண் முன்னால் நின்றது ஒரே ஒரு மாணவிதான் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

அதைத் தங்களுக்கு மட்டுமே அனுப்புவதாகத்தான் நினைத்தேன். ‘அனைவருக்கும் பதில்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒரு சின்ன அறையில் நீங்கள் நாலைந்து பேர் நாற்காலியை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், ஒருவருக்கு அனுப்பி மற்றவர்களை விட்டால் மரியாதையாக இருக்காது என்று அதை அழுத்தினேன். கல்லூரி முழுவதும் அந்தப் பொத்தானுக்குள் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? எங்கள் மைக் அறையில், நாம் பேசுவது ஊருக்கே கேட்கப் போகிறது என்றால் மேசையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரியாத வரை மேலதிகாரியைக்கூட வையலாம். தங்கள் மடலில் எந்த விளக்கும் எரியவில்லை. எரிந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். ஆகவே விளக்கு வைக்காதவர்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

அன்று மாலையே விடுதி காலி. நான் தங்கள் வாசல் காவலாளிக்குப் போன் போட்டு விசாரித்தேன். மனிதர் நெகிழ்ந்து போயிருந்தார். “சார், நான் இங்க வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து பாக்கறேன், அறிவிப்பப் படிச்சு பசங்க ஒண்ணு செஞ்சதா சரித்திரமே இல்ல. இன்னைக்குப் பெட்டியத் தூக்கிட்டு ஓடறாங்க சார், வாத்தியாருங்க ரெண்டு பேரு கூடவே ஓடறாங்க” என்றார். வெந்நீர் வராது என்ற இரண்டே சொல்லில் தங்கள் பிள்ளைகளுக்குத் தெளிவு பிறந்துவிட்டது. நிறுத்தப்படவிருந்தது பின்கட்டில் ஒரே ஒரு குளியலறைக் குழாய்தான், அதுவும் ஒரு பிற்பகலுக்கு மட்டும்தான் என்று தாங்கள் பிறகு எனக்கு விளக்கினீர்கள். ஆகா! அந்த வாக்கியம் எவ்வளவு அழகாக, சுருக்கமாக இருந்தது! அதை மடலில் எழுத என்ன தடை?

“நீங்க யாரு சார் எங்க காலேஜுக்கு அறிவிப்பு போட?” என்று கேட்டீர்கள். “ஆயுசு பூரா அதைத்தாம்மா போட்டேன்” என்றேன். “பயிலரங்கத்துக்கு வெளியூர்லேர்ந்து பேச்சாளர் வந்து உக்காந்திருக்காரு, முன்னாடி நாற்காலி மட்டும்தான் சார் இருக்கு” என்றீர்கள். அவருக்காக நான் உண்மையிலேயே வருந்தினேன். வண்டி வராத பிளாட்பாரத்தில் நானும் பேசியிருக்கிறேன்.

ஆனால் அம்மா, எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். என் மனைவி பாப்பாவின் அறையைத் திறந்து, நான் அங்கே அடுக்கி வைத்திருந்த பழைய ஒலிபெருக்கிகளையெல்லாம் வராந்தாவில் தள்ளி, புதுத் தலையணை வாங்கி, போர்வையை வெயிலில் காயவைத்துத் தட்டி விரித்து, வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பையனும் தங்கள் மாணவன்தான். வந்துவிட்டான். அடுத்த தெருப் பெண் வந்துவிட்டாள். எங்கள் பாப்பாவைக் காணோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தங்கள் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே இருப்பது என் முகவரி! என் அறிவிப்பு என் பெட்டிக்கே திரும்பி வந்திருந்தது. யார் எழுதியது, நன்றாக இருக்கிறதே என்று காலையில் நானே ரசித்துப் படித்திருக்கிறேன். கல்லூரியிலேயே செய்தி போய்ச் சேராத ஒரே ஜீவன் அறிவிப்பாளன் பெற்ற பெண். நூலகத்தின் அடித்தளத்தில், போன் எடுக்காத மூலையில், சூடான குழாய் ஓடும் சுவரோரமாகச் சாய்ந்து புத்தகத்தோடு தூங்கியிருக்கிறாள். எழுந்து மேலே வந்தால் ஒரு ஈ காக்கை இல்லை.

என் மனைவி ஒன்றும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். போர்வையை மடித்துக்கொண்டே, “ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. நீங்க ஊரான் பிள்ளைங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பி வச்சிட்டீங்க. நம்ம பிள்ளை எங்கங்க?” என்றாள். அம்மா, ரயிலைத் தவறவிட்டவர்கள் என் கண்ணாடி ஜன்னலுக்கு வந்து வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்கள், எனக்கு வலித்ததில்லை. இது வலித்தது.

உடனே பாப்பாவைக் கூப்பிட்டேன். “அப்பா, இங்க யாருமே இல்லப்பா. ரொம்ப அமைதியா இருக்கு. வெந்நீர் வேற கொதிக்கக் கொதிக்க வருது” என்றாள். “உடனே கிளம்பி வாம்மா” என்றேன். “நாளைக்கு வந்துடறேன்ப்பா” என்றாள். அந்த நாளைக்குள் தங்கள் முதல்வர் அவளைத் தாழ்வாரத்தில் பார்த்துவிட்டார். புலி கையில் ஆடு மாட்டின மாதிரி ஆயிற்று. பயிலரங்கத்தில் அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்களாம். வேறு வரிசை தேவைப்படவில்லை. குழுத் தலைவியாக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாளாம், அந்த மனமும் அவளுடையதே. சேர்ந்திசைக் குழுவில் அவள் தனியாகச் சேர்ந்து பாடினாளாம். பறவைக் கணக்கெடுப்பில் பறவைகள்தான் அதிகமாக வந்திருந்தனவாம். முதல்வருடன் சூடான பானத்துக்கு ஊற்றி வைத்ததை வீணாக்கக் கூடாது என்று கோப்பை கோப்பையாகக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அந்தக் குளிர்பதன ஆய்வகத்திலும் அவளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். விடுமுறை முடியும் வரை வர முடியாதாம். பெற்றவர்களைக் கேட்காமல் ஒரு பெண்ணை இப்படிப் பிடித்து வைப்பதற்கு வாய்ப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் அதற்கு வேறு பெயர்.

ஆகையால் மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கு இல்லை. தாங்கள் உடனடியாக எங்கள் பெண்ணை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால், தங்கள் மடலைத் திருத்தித் தரும் பணியைச் சம்பளமில்லாமல் ஏற்பது குறித்து நான் அன்புடன் சிந்திக்கலாம். முதல்வருக்கு என் வணக்கத்தையும், நாற்காலிகளிடம் பேசிய பேச்சாளருக்கு என் அனுதாபத்தையும், காவலாளிக்கு என் மனமார்ந்த நன்றியையும் தெரிவிக்கவும். தாங்கள் நீண்ட ஆயுளும், குறுகிய வாக்கியங்களும் பெற்று வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
நேரம் போடாமல் எதையும் சொல்லிப் பழகாத
மாணவியின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பாப்பா போன் செய்தாள். “அப்பா, என்னை யாரும் பிடிச்சு வைக்கல. நானாத்தான் கேட்டேன். இவ்வளவு நாளா கூட்டத்துல நான் இருக்கேன்னே யாருக்கும் தெரியாதுப்பா. இப்ப பேராசிரியர் பேரச் சொல்லிக் கூப்பிடறாரு. மெஷின என் கையாலயே பிரிச்சு மாட்ட விடறாரு. நீங்க எல்லாரையும் அனுப்பி வச்சதாலதாம்ப்பா” என்றாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் குரலில் நான் கேட்டு வெகுநாள் ஆகிறது. என் மனைவி போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டாள், பக்கத்து அறை காலியா என்று கேட்டாள், வைத்துவிட்டாள். இப்போது போர்வையை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தவறு முழுவதும் என்னுடையதே. தாங்கள் சொல்லும் வாசகத்தில், சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேட்கிறேன். என் புண்ணியத்தில் விடுதியில் அறைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. விடுமுறை முடியும் வரை எங்கள் இருவருக்கும் பாப்பாவுக்குப் பக்கத்து அறையை ஒதுக்கித் தர வேண்டுகிறேன். இடமில்லை என்று சொல்வதாக இருந்தால் தயவுசெய்து அதைத் தங்கள் வழக்கமான நடையிலேயே எழுதி அனுப்புங்கள். எங்களுக்குப் புரியாது, நாங்கள் வந்துவிடுகிறோம்.