குடுக்கை கொடுத்த வேகம்

நைரோபியின் பைப்லைன் பகுதியில் மின்கம்பங்களை மின்சாரத்துக்காக நட்டிருக்கிறார்கள் என்று நினைப்பவர் ஊருக்குப் புதியவர். மந்திரவாதிகள் விளம்பரத் தகடு அடிப்பதற்காகத்தான் நட்டிருக்கிறார்கள். ஓடிப்போன மனைவி திரும்பி வர, நில வழக்கு ஜெயிக்க, திருடியவன் கையில் தேனீ மொய்க்க, எல்லாவற்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு செல் நம்பர். எங்கள் கட்டடத்துக்கு எதிர்க்கம்பம் தான்சானியாவின் டாங்காவிலிருந்து வந்த டாக்டர் மஷாக்காவுக்குச் சொந்தம். ஒரு நாள் அவர் தன் தகட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 'மெதுவான வைஃபை. உத்தரவாதம் உண்டு.'

ஓடிப்போன மனைவிகளுக்காகக்கூட அந்தக் கம்பத்தடியில் அவ்வளவு கூட்டம் நின்றதில்லை.

எங்கள் கட்டடத்தின் பெயர் கிட்டோங்கா ஹைட்ஸ். ஏழு மாடி. லிஃப்ட் கிடையாது, வெயில் கிடையாது, வாடகைக்குத் தவணை கிடையாது. வீட்டுக்காரர் கிட்டோங்கா வாசலில் 'இலவச வைஃபை' என்று எழுதிப் போட்டு, அந்த இலவசத்துக்காக வாடகையை ஏற்றியவர். குடியிருப்பவர்களில் பாதிப்பேர் கணினியில் பிழைப்பவர்கள். அமெரிக்கர்கள் பேசுவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. நெட் நின்றால் அடுப்பு நிற்கும்.

கட்டடத்துக்கே ஒரு ரூட்டர்தான். நடுமாடிப் படிக்கட்டில் இருந்த அதை ஒரு முறை திருடிவிட்டார்கள். கிட்டோங்கா உடனே வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கனத்த இரும்பில் ஒரு பெட்டி செய்து, புது ரூட்டரை உள்ளே வைத்துப் பூட்டினார். அதன் பிறகு ரூட்டர் பத்திரமாக இருந்தது. வைஃபையும் வெளியே போகாமல் உள்ளேயே பத்திரமாக இருந்தது.

குடித்தனக்காரர்கள் வாடகையை நிறுத்திவிடுவோம் என்று கத்தியபோது கிட்டோங்கா மஷாக்காவை அழைத்து வந்தார். தோளில் சிறுத்தைத் தோல் அச்சடித்த துணி, கையில் மாட்டுவால். மஷாக்கா பெட்டியைப் பார்த்தார், மோந்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருய்யா இதைச் சிறையில போட்டது? இரும்புக்குள்ள ஆவி நடக்குமா? வெளிய எடு. மரப்பலகையில, தலைக்கு மேல உசரமா வை. சுத்தி ஒண்ணும் இருக்கக் கூடாது."

எடுத்தார்கள், வைத்தார்கள். பிறகு கட்டடத்தில் எல்லா ஃபோனும் சற்று நேரம் அணைந்து விரதம் இருக்க வேண்டும் என்றார். இருந்தன. ரூட்டரின் வயரைப் பிடுங்கி, மந்திரம் சொல்லி, மறுபடி செருகினார். அதற்குப் பெயர் மறுபிறப்பு. அக்கம்பக்கத்து மச்சான்களுக்கெல்லாம் தெரிந்திருந்த பழைய பாஸ்வேர்டை ஒழித்து, முன்னோர் தந்ததாகச் சொல்லிப் புதியதைக் கொடுத்தார். கடைசியாக, சிவப்புத் துணி சுற்றிப் பாசிமணி கட்டிய ஒரு சுரைக்குடுக்கையைப் பலகையில் ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

வைஃபை பறந்தது. மூன்றாம் மாடியில் ஒருவர் முழு கால்பந்து ஆட்டத்தை நிற்காமல் பார்த்துவிட்டு அழுதார். மாடிக்கு மாடி துதிப்பாட்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது; எல்லோரும் காக்கையைக் கும்பிட்டார்கள்.

குடுக்கையின் விலையை வீட்டுக்கு வீடு பங்கு போட்டு வாங்கினார் கிட்டோங்கா. நான் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். கொடுக்காதவர் ஒரே ஒருவர்: தரைத்தளத்து ஒற்றை அறையில் இரண்டு மகள்களோடு இருந்த நெகேசா. வாசலில் அடுப்பு போட்டு மண்டாசி சுட்டு விற்பவர். அந்த இனிப்புப் பணியாரம் இல்லாமல் எங்கள் கட்டடத்தில் யாரும் காலைத் தேநீர் குடித்ததில்லை.

"எங்கிட்ட இருக்கறது பட்டன் ஃபோன், ஐயா. டார்ச் மட்டும் எரியும். வைஃபை வந்தா டார்ச்சு வெளிச்சம் கூடுமா?" என்று கேட்டார். கிட்டோங்காவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

குடுக்கையின் புகழ் பரவியது. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். யாரோ ஒரு பாசிமணியைக் கிள்ளிக்கொண்டு போனார்கள். கிட்டோங்காவுக்குத் தூக்கம் போயிற்று. இவ்வளவு விலையுள்ள சாமானைப் பலகையில் வைப்பதா? வெல்டிங் கடைக்காரர் மறுபடி வந்தார். இன்னும் பெரிய பெட்டி, இன்னும் கனத்த இரும்பு. குடுக்கையும் ரூட்டரும் உள்ளே போக, பூட்டு தொங்கியது.

அன்று சாயங்காலமே வைஃபை நொண்டியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட ஏழு மாடியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குடுக்கைக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தோன்றியது.

மஷாக்கா திரும்பி வந்தார். பெட்டியை நெடுநேரம் பார்த்தார். அவர் கை பூட்டுவரை போனதை நான் பார்த்தேன். 'வெளியே எடு' என்ற இரண்டு சொல்லை ஒரே ஆளிடம் இரண்டு முறை விற்க முடியாது அல்லவா? கையை இழுத்துக்கொண்டு, ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி உற்றுப் பார்த்தார்.

"ஒரு பொம்பள லைன் மேல உக்காந்திருக்கா. கீழ இருக்கறவ. புகைக்கு நடுவுல இருக்கறவ. குடுக்கைக்குக் காசு குடுக்காதவ."

கதவு எண்ணை மட்டும்தான் அவர் சொல்லவில்லை.

பரிகாரம்: ஒரு ஆடு, இன்னொரு குடுக்கை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பெண் சட்டிபெட்டியோடு வெளியேற வேண்டும். ஆடு என்றதும் முகம் சுளித்த கிட்டோங்கா, வெளியேற்றம் என்றதும் மலர்ந்தார். காலியாகும் அறைக்கு வாடகையை ஏற்றலாமே.

மறுநாள் காலை நெகேசாவின் தட்டில் மண்டாசி மலைபோல் அப்படியே இருந்தது. அதைத் தின்றால் ஃபோன் செத்துவிடும் என்று பேச்சு. மகள்களைப் பள்ளியில் 'சூனியக்காரி குட்டிகள்' என்று கூப்பிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"ஒடெரா தம்பி, நெட்டுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. அதை நான் எப்படித் தின்பேன்?" என்று நெகேசா என்னிடம் கேட்டார். "இந்த வாசல் போனா என் அடுப்பு போச்சு. அடுப்பு போனா பொண்ணுங்க படிப்பு போச்சு." அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு மஷாக்காவின் மேல் வந்ததைவிட, தட்டைக் கண்டு ஒதுங்கிப் போன என் அண்டை வீட்டார் மேல்தான் அதிகம் கோபம் வந்தது.

சனிக்கிழமை ஆடு வாசலில் கட்டப்பட்டிருந்தது. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். மஷாக்கா மாட்டுவாலை ஓங்கிய நேரத்தில் ஐந்தாம் மாடி மும்புவா டீச்சர் இறங்கி வந்தார். கணக்கு டீச்சர். ஆண்டுதோறும் அரசுத் தேர்வுத் தாள் திருத்தப் போகிறவர்.

"ஒரு பரீட்சை வெச்சுட்டு அப்புறம் ஆட்டை வெட்டுங்க."

"டீச்சர், நீங்க கிடூய் ஊர்க்காரங்க," என்றார் கிட்டோங்கா. "மந்திரத்துக்கே பேர்போன ஊரு. நீங்களே நம்பலன்னா எப்படி?"

"அந்த ஊர்க்காரிங்கறதாலதான் நம்பல. வீட்டுக்கு ஒரு மந்திரவாதி இருக்கற ஊர்ல, தண்ணிக்கு ஏன் இன்னும் கழுதையோட பத்து மைல் நடக்கறோம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"சக்தியைச் சோதிச்சா அது கோவிச்சுக்கும்," என்றார் மஷாக்கா.

"தகட்டுல உத்தரவாதம்னு எழுதியிருக்கீங்களே. நான் தோத்தா ஆட்டுக்கு நானே காசு தரேன்."

"வெச்சுக்கோங்க பரீட்சையை," என்றார் கிட்டோங்கா, மூச்சு விடுவதற்குள்.

டீச்சர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, குடுக்கையை வாங்கிக்கொண்டு மேலே போய், வாய் கட்டிய இரண்டு மாவுச் சாக்குகளோடு வந்தார். "தாள் திருத்தறப்போ பேரை மறைச்சுடுவாங்க. பேர் தெரிஞ்சா கை தானா மார்க் போடும். அதான் இதுவும். ஒண்ணுல குடுக்கை. இன்னொண்ணுல வேற. எதுல எதுன்னு ஸ்பீடைப் பாத்து டாக்டர் சொல்லட்டும்."

பிறகு நெகேசாவைக் கைபிடித்து அழைத்து வந்து, படிக்கட்டில் ரூட்டர் வயர் ஓடும் படியைக் காட்டினார். "உக்காருங்க அக்கா. லைன் மேலதான உக்காந்திருக்கீங்க, எல்லாரும் பாக்கறாப்ல நல்லா அழுத்தி உக்காருங்க."

நெகேசா இடுப்பில் சுற்றியிருந்த லேசோத் துணியை முந்தானைபோல் இழுத்துக் கட்டிக்கொண்டு வயரின் மேல் உட்கார்ந்தார். முதல் வரிசை பின்வாங்கியது.

ரூட்டரை வெளியே எடுத்துப் பலகையில் வைத்து, பக்கத்தில் முதல் சாக்கை வைத்தார்கள். நான் ஃபோனில் வேகம் பார்த்தேன். "முப்பது!" என்றேன். மாடிகளிலிருந்து கைதட்டல் இறங்கி வந்தது.

"சொல்லுங்க டாக்டர், இதுல என்ன இருக்கு?"

மஷாக்காவின் நெற்றி வியர்த்தது. குடுக்கை இல்லை என்று சொன்னால் குடுக்கை இல்லாமலே வேகம் வரும் என்றாகிவிடும். அவருக்கு ஒரே ஒரு பதில்தான் மிச்சம். "என் குடுக்கைதான்! கேக்கணுமா? முன்னோர் மூச்சு விடறது எனக்குக் கேக்குது!"

டீச்சர் சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒரு முட்டைக்கோஸ்.

அடுத்து ரூட்டரையும் இரண்டாவது சாக்கையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். "ஒண்ணு," என்றேன். "இப்ப அதுவும் இல்ல." பூட்டைத் திறந்து சாக்கை அவிழ்த்தார்கள். சிவப்புத் துணி, பாசிமணி, குடுக்கை. நெகேசா வயரின் மேல் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"பெட்டிதான்," என்றார் டீச்சர். "வேற ஒண்ணுமில்ல."

கிட்டோங்கா மஷாக்காவின் சிறுத்தைத் துணியை எட்டிப் பிடித்தார். "என் காசு!"

டாங்காவிலிருந்து வந்தவர் திடீரென்று பக்கத்து ஊர் திகாக்காரராகிவிட்டார். "விடுய்யா! திகாவுல ஃபோன் ரிப்பேர் கடை வெச்சிருந்தேன். இதையேதான் அங்கயும் சொன்னேன். வெளிய எடு, உசரத்துல வை, பாஸ்வேர்டை மாத்துன்னு. இருநூறு ஷில்லிங் கேட்டா, 'எடுத்து வெக்கறதுக்கு இருநூறா'ன்னு அடிக்க வந்தீங்க. அதையே குடுக்கையோட சொன்னேன், ஆட்டோட வந்து நிக்கறீங்க. கடையை மூட வெச்சது நானா, நீங்களா?"

டீச்சர் அவர் எதிரே வந்து நின்றார்.

"குடுக்கை வித்தது எங்க முட்டாள்தனம், சரி. இந்த அக்காவைத் தெருவுல நிறுத்தப் பாத்தியே, அது எந்தக் கடைச் சரக்கு?"

மஷாக்கா கூட்டம் விலகியதும் போய்விட்டார். மாட்டுவாலை மறந்துவிட்டுப் போனார். ஆடு அதைத் தின்னப் பார்த்தது.

கிட்டோங்கா நெகேசாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாடகையை இப்போதைக்கு ஏற்றவில்லை என்று மட்டும் சொன்னார். முதல் வரிசையில் பின்வாங்கிய அதே ஆள் முன்னால் வந்து, நாலு மண்டாசி கடனுக்குக் கேட்டார்.

"நேத்து வரைக்கும் விஷம். இன்னிக்குக் கடனா?" என்றார் நெகேசா. "காசை வெச்சுட்டுத் தின்னு."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது மூன்றாம் மாடிக் கால்பந்துக்காரர் டீச்சரின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் குனிந்தார்.

"டீச்சர், அந்த முட்டைக்கோஸ் எந்தக் கடைல வாங்கினீங்க? முப்பது காட்டுச்சே."

அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள்.

டீச்சர் முட்டைக்கோஸை நெகேசாவிடம் கொடுத்தார். அவர் அங்கேயே அதைப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கி, மகள்களுக்குப் போட்டுக் கொடுத்தார். வரிசை ஏமாற்றத்தோடு கலைந்தது.

ரூட்டர் இன்றும் பலகையில்தான் இருக்கிறது. இரும்புப் பெட்டியில் கிட்டோங்கா வெங்காயம் வைத்திருக்கிறார். எதிர்க்கம்பத்தில் புதிதாக ஒரு தகடு வந்திருக்கிறது. அதில் ஒரு முட்டைக்கோஸ் படம். ஐயா, பெட்டியின் சாவி வீட்டுக்காரரிடம் இருந்தது, அதனால் காத்திருந்தோம். உங்கள் தலையின் சாவி உங்களிடமே இருக்கிறதே, யார் வந்து திறக்க வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள்?