டப்பா பார்த்த பச்சை

ஆந்திர எல்லையில் எங்கள் நகரி முழுக்கத் தேடினாலும் டப்பாவைப் போலக் கலர் தெரியாத இன்னொருவன் கிடைக்க மாட்டான். எங்கள் ஊருக்கே கலர் பார்த்துச் சொன்னவனும் அவன்தான்.

சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்று. சாயப் பட்டறையில், கல்யாணப் புடவைக்குச் சிவப்பு கேட்ட நூலைக் கிளிப்பச்சையில் முக்கி எடுத்து, "எப்டி, ரத்தம் மாதிரி இல்ல?" என்று கேட்டானாம். முதலாளி விரட்டிய விரட்டில் செல்போன் ரிப்பேர் கடையில் போய் நின்றான்.

அங்கேதான் அந்த டப்பா உருவானது. பழைய பிஸ்கட் டப்பா, உள்ளே கறுப்பு பெயின்ட், ஒரு சின்ன லைட், மூடியில் ஓட்டை, அதன்மேல் கண்ணாடி உடைந்த போன். மூத்திரத்தில் நனைத்த டெஸ்ட் பட்டையை உள்ளே வைத்தால், போன் படம் பிடித்து, நிறத்தைக் கணக்குப் போட்டு, அவன் பதிந்து வைத்த குரலில் தெலுங்கில் முடிவு சொல்லும். லேப் மெஷின் விலைக்கு ஒரு தறியே வாங்கலாம். இவனுக்கு ஆனது பிஸ்கட் துன்ன செலவுதான். அதிலிருந்து அவன் பெயரும் டப்பா ஆனது.

"கண்ணு பொய் சொல்லும்ணா. டப்பா சொல்லாது" என்பான். ஒருநாள் ஒரு பட்டையை டீயில் நனைத்து வைத்தான். "ஆஸ்பத்திரிகி வெள்ளண்டி!" என்றது டப்பா. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அர்த்தம். டீக்கடைக்காரர் அன்றிலிருந்து அவனுக்கு டீ தருவதில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுவதை மட்டும் விடவில்லை. என் மனைவி கோகிலா ஏழு மாதம். கால் வீங்கியது. மூத்திரத்தில் உப்பு, அதாவது புரதம், இறங்குகிறதா என்று பார்க்க நர்ஸம்மா பட்டை கொடுத்திருந்தார். சாயப் பட்டறையிலிருந்து வந்த வேகத்தில் நானே பட்டையை உருவி, நனைத்து, டப்பாவிடம் ஓடினேன்.

"ஆகுபச்ச. ஆஸ்பத்திரிகி வெள்ளண்டி."

ஆகுபச்ச என்றால் இலைப் பச்சை. பட்டை பச்சையானால் உப்பு அதிகம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. டப்பாதான் ஆட்டோ பிடித்தான். மூன்று பேரும் திருப்பதிக்குக் கிளம்பினோம். கோகிலா நிதானமாக முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

"எனுக்கு ஒண்ணுமில்ல. நீதான் மயக்கம் போட்டு உழுற மாதிரி கீற."

புத்தூர் தாண்டும்போது, மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவன் மூக்கைச் சுளித்தான். "அண்ணா, உன் கையில சாய வாடை அடிக்குது. கட்டைவிரலை உள்ள வையி."

வைத்தேன்.

"ஆகுபச்ச. ஆஸ்பத்திரிகி வெள்ளண்டி" என்றது டப்பா.

"இன்னா கலர் முக்கிக்கினு இருந்த?"

"மயில் பச்சைடா."

"பட்டையை எங்க புடிச்ச?"

"நுனியில..."

"அதான! டெஸ்ட் பண்ற எடத்தையே புடிச்சி நசுக்கிக்கீற. டப்பா உன் விரலைப் பாத்துச் சொல்லிச்சி!"

கோகிலா மீதி முறுக்கை என் தலைமேல் எறிந்தாள். ஆட்டோக்காரர், "திருப்பவா?" என்றார்.

"ஓட்டு நைனா. டாக்டரம்மா பாத்தாதான் முடிவு" என்றான் டப்பா.

டாக்டரம்மா புதிதாக டெஸ்ட் எடுத்தார். பிரஷரும் பார்த்தார். உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் நின்றதால் வந்த வீக்கம், காலைத் தூக்கி வைத்துப் படு என்றார். வெளியே வந்து சத்தமாக அழுதேன். டப்பா பெஞ்சில் உட்கார்ந்து, டப்பாவுக்குள் ஒட்டிய என் விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கடையில் போர்டு எழுதி மாட்டினான்: "கை கழுவிட்டு வரவும்." சிவப்புப் பலகையில் பச்சை எழுத்து. எழுதியவனுக்கே அது தெரியாது.

இப்போது என் மகள் அந்தக் கடையில்தான் விளையாடுகிறாள். எவர் கண்ணையும் நம்பாதவன், ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டி, "இது இன்னா கலர்மா?" என்று அவளைக் கேட்கிறான். அவளுக்குத் தெரிந்தது ஒரே கலர், சிவப்பு. எல்லாமே "சேப்பு".

"ஆமாம்மா, சேப்பு" என்று அவன் டப்பாவைத் திறக்காமலே தலையாட்டுகிறான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். திருத்துவதில்லை.