பொன்னுரங்க சித்தரின் தழும்பில்லா ஆபரேஷன்

சிதம்பரம் புறவழிச்சாலைக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனாலும் கூட்டம் பந்திக்கு நிற்பதுபோல முண்டியடித்தது. காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் வந்து நிற்க நிற்க இன்னும் சேர்ந்தது. வாசலில் ஃபிளெக்ஸ்: 'கத்தியில்லை! தையலில்லை! தழும்பில்லை! பொன்னுரங்க சித்தரின் விரல் ஆபரேஷன்!' வயிற்றை விரலாலேயே திறந்து, கட்டியை எடுத்து, மூடியும் விடுவாராம். ஃபிரிட்ஜைத் திறப்பதுகூட இதைவிடக் கஷ்டம்.

கடலூர்த் துறைமுகத்திலிருந்து இன்னாசிமேரியும் வந்திருந்தாள். பக்கத்து வீட்டு அஞ்சம்மாளுக்காக. அஞ்சம்மாளுக்குக் கருப்பையில் புற்று, ஆரம்பக் கட்டம். டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தும், கணவன் பக்கிரி அவளை இங்கே இழுத்து வந்துவிட்டான்.

"எனக்கும் இதே நோவுதானடா? போன வருஷம் பாண்டிச்சேரில கருப்பையையும் பக்கத்து நெறிக்கட்டியையும் கீழ்வழியாவே எடுத்தாங்களே. வவுத்துல ஒரு கீறல் இருக்கா?" என்று பக்கிரியை மடக்கினாள் இன்னாசிமேரி.

"அதாங்க்கா நானும் சொல்றேன். ஒனக்கும் தழும்பு இல்ல, சித்தரு செஞ்சாலும் தழும்பு இல்ல. ரெண்டும் ஒண்ணுதான!"

இன்னாசிமேரிக்கு எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. கேமராவை உள்ளே விட்டு, திரையில் பார்த்துப் பார்த்து, புற்று பரவியிருக்கிறதா என்று அறிய அந்த நெறிக்கட்டிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டர்களின் படிப்பெல்லாம் பக்கிரிக்குத் 'தழும்பில்லை' என்ற ஒரே வார்த்தையோடு முடிந்துவிட்டது. அஞ்சம்மாள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"சரி, மொதல்ல நான் படுக்கறேன். நீங்க வாயத் தெறக்காம பாருங்க."

மேடையில் படுத்தாள். சித்தர் வயிற்றைத் தடவினார். கத்தி பட்ட அடையாளமே இல்லை. அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"தாயி, ஒன் கருப்பையில பெரிய கட்டி இருக்கு."

"அய்யோ, நெசமாவா சாமி?"

ஈரத்துண்டைப் போட்டு விரல்களை அழுத்தினார். சிவப்பாக வழிந்தது. கொழகொழவென்று எதையோ தூக்கிக் காட்டினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பக்தை சாட்சி சொல்வாள் என்று சித்தரே மைக்கை நீட்டினார், பாவம்.

"சாமி, என் கருப்பை இப்ப நல்லா இருக்கா?"

"பத்திரமா இருக்கு. ஞானக்கண்ணால பாத்துட்டேன்."

"போன வருஷமே அத எடுத்துட்டாங்களே, எந்த பஸ்ஸுல ஏறித் திரும்பி வந்துச்சு?"

"பொய் சொல்றா!" என்று ஒரு சிஷ்யன் கத்தினான்.

"நாந்தான்டா ஆஸ்பத்திரில கூட இருந்தேன்!" என்றாள் அஞ்சம்மாள், கீழே இருந்து.

சித்தர் தொண்டையைச் செருமினார். "அது... சூட்சும கருப்பை."

"சூட்சும கருப்பைக்கு நெச ரத்தமா?"

அஞ்சம்மாள் விறுவிறுவென்று மேடையேறித் துண்டைப் பிடுங்கி உதறினாள். மடிப்பிலிருந்து சாயப் பொட்டலமும் இன்னொரு துண்டு கோழி ஈரலும் விழுந்தன. அடுத்த நோயாளியின் கட்டி, முன்கூட்டியே தயார்! யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. ஞானக்கண்ணுக்குச் சமையற்கட்டுக் கதவு மட்டும் சரியாகத் தெரிந்தது. சித்தர் அதன் வழியே ஓடிவிட்டார்.

டாக்டர் குறித்த நாளில் அஞ்சம்மாளுக்கு ஆபரேஷன் நடந்தது. நெறிக்கட்டிகளில் புற்று பரவவில்லை என்று முடிவு வந்தபோது, பக்கிரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

சித்தர் இன்னொரு பெயரில் உங்கள் ஊருக்கும் வரக்கூடும். கருப்பையை எடுத்த பிறகும் நன்றாக வாழலாம், இன்னாசிமேரியைக் கேளுங்கள். மூளையை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.