மூன்று நாள் விருந்தாளி

பெட்டி வெறுமையாகத் திரும்பி வரவில்லை. அதுதான் பிரச்சினை.

காலையில் இரவீந்திரன் விடுதி அறைக் கதவைத் திறந்தபோது, முதல்நாள் பின்னேரம் அவர் ஒரு ஜப்பானிய அம்மாவுக்குப் பயத்தம் உருண்டை போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டி வாசலில் இருந்தது. கழுவித் துடைத்து, நீலத் துணியொன்றில் பொதிந்து, மேலே பூப்போல ஒரு முடிச்சும் போட்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே அரிசிப் பிஸ்கட்டும் ஒரு பொதி பச்சைத் தேயிலையும்.

“பாத்தீங்களே, வெறும் பெட்டியைத் தரேல்லை” என்றார் மனைவி வேணுகா. “நல்லா வளர்த்திருக்கினம்.”

அதில் இரவீந்திரனுக்கும் மறுப்பில்லை. யாழ்ப்பாணத்தில் அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் கிடையாது; ஜப்பானிலும் கிடையாது போலும். ஆனால் இப்போது அந்த அம்மாவின் துணி இவர்கள் கையில் இருக்கிறது. அதை எப்படி வெறுந்துணியாகக் கொடுப்பது?

இரவீந்திரன் சுவிஸ் நாட்டில், ஓர்லிகோன் என்ற இடத்தில், ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளுக்கு மேற்பார்வையாளர். அகதியாக வந்த புதிதில் அதே ஹோட்டலில் கோப்பை கழுவத் தொடங்கியவர். இன்று அங்கே ஒரு மாடி முழுவதும் அவர் வைத்ததுதான் சட்டம். விரிப்பில் ஒரு சுருக்கத்தைக் கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இத்தனை காலமும் ஹோட்டலிலேயே கிடந்தவர், ஒரு ஹோட்டலிலும் விருந்தாளியாகத் தங்கியதில்லை. விடுமுறை என்றால் பாரிஸிலோ லண்டனிலோ சொந்தக்காரர் வீடு. அங்கேயும் போய் இறங்கியதும் அவர்களுடைய கட்டிலைத் தட்டி விரித்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஆகவே கல்யாண வெள்ளிவிழாவுக்கென்று மகள் மதுஜா, துன் ஏரிக்கு மேலே மலையில் இருக்கும் இந்த ஜப்பானிய விடுதியில் அறை எடுத்துக் கொடுத்தபோது, வேணுகா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

“மூண்டு நாளைக்கு நீங்கள் விருந்தாளி. ஒரு தலகணியைத் தொட்டாலும் நான் பஸ் எடுத்து வீட்டை போயிடுவன்.”

இரவீந்திரன் சந்தோசமாகத் தலையாட்டினார். மற்றவன் விரித்த படுக்கையில் படுத்து, மற்றவன் ஊற்றிய தேநீரை ஒருதடவையாவது குடிக்க வேண்டும் என்று அவருக்கும் நெடுநாள் ஆசை. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான். மதுஜா தன் பங்குக்கு, ஜப்பானிய இடங்களில் டிப்ஸ் கொடுப்பது அவமரியாதை, காசை நீட்டிவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். ஜப்பான்காரரைப் பற்றித் தனக்கே படிப்பிக்கிறாளா என்று அவர் சிரித்தார். ஓர்லிகோனுக்கு வருகிற ஜப்பான்காரர் எல்லாரும் அவருடைய மாடியில்தான் தங்குவார்கள்.

விருந்தாளி விரதம் வாசலிலேயே ஆட்டம் கண்டது. முற்றத்தில் ஒரு தாடிக்காரர் விறகு பிளந்துகொண்டிருந்தார். அழுக்குக் காற்சட்டை, முழங்கையில் கிழிந்த சுவெட்டர். இரவீந்திரன் பெட்டிகளை அவரிடம் காட்டி, அறைக்குக் கொண்டுவரும்படி ஜெர்மனில் சொல்லிவிட்டு உள்ளே போனார். வரவேற்பு மேசையில் ஒருவரும் இல்லை. அவருடைய பெயர் எழுதிய உறை ஒன்று அறைக் கதவின் திறப்போடு காத்திருந்தது. பக்கத்தில், நீலக் கோடு போட்ட கிமோனோ அணிந்த ஜப்பானிய அம்மா ஒருவர் குனிந்து, கண்டபடி கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்த உடனேயே இரவீந்திரனுக்குத் தெரிந்துவிட்டது, இவர்தான் முதலாளியம்மா. தன் இடத்தின் செருப்பைத் தானே அடுக்குபவர்தான் உண்மையான முதலாளி என்பது அவருடைய நீண்டகாலக் கொள்கை.

அவர் வணங்கினார். அந்த அம்மா அதைவிடத் தாழ வணங்கினார். ஜெர்மன் அவருக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிந்திருந்தது.

“வெரி குட் ஹோட்டல்” என்றார் இரவீந்திரன்.

“யெஸ், யெஸ். வெரி குட் ஹோட்டல்” என்றார் அந்த அம்மா, கண்கள் மலர.

தன்னுடைய விடுதியைத் தானே இப்படிப் புகழலாமா என்று வேணுகாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தொழில் செய்பவருக்கு அந்த நம்பிக்கை வேண்டும் என்று இரவீந்திரன் விளக்கினார். விளக்கிக்கொண்டே தானும் குனிந்து மிச்சச் செருப்புகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். வேணுகா இருமினார்.

“செருப்புத்தானே” என்றார் அவர். “தலகணி இல்லையே.”

அதற்குள் தாடிக்காரர் பெட்டிகளோடு வந்து சேர்ந்தார். தேநீர் மூலையில் சுடுநீர்ப் போத்தல் காலியாக இருப்பதும், சாடியில் பூ வாடியிருப்பதும் இரவீந்திரனின் கண்ணில் பட்டிருந்தன. இரண்டையும் அவரிடம் சொன்னார். கடுமையாக அல்ல, ஓர்லிகோனில் தன் கீழ் வேலை செய்யும் பிள்ளைகளிடம் சொல்வதுபோல. தாடிக்காரர் போத்தலைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், நியாயம்தான் என்று தலையை ஆட்டிவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். முதலாளியம்மா இதையெல்லாம் பெரிய மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை வருடமாக ஹோட்டல் என்று கேட்டார். இருபத்தெட்டு என்று இரவீந்திரன் நிமிர்ந்து சொன்னார். அதற்குப் பிறகு அவர் இவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார். ஊரில் கணக்குப் படிப்பிக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பட்டம் கிடைக்கும். இரவீந்திரனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இவ்வளவு மரியாதை காட்டியவருக்கு டிப்ஸ் கொடுக்க முடியாது. வெறுங்கையோடு நிற்கவும் முடியாது. அதனால்தான் வழிக்கென்று வேணுகா உருட்டிய பயத்தம் உருண்டை பெட்டியோடு போனது.

இப்போது துணி. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏரியைப் பார்த்தபடி வெளியில் இருக்கும் மரத்தொட்டியின் சுடுநீரில் இறங்குவது என்று வேணுகா திட்டம் போட்டிருந்தார். அதற்குப் பதிலாக இருவரும் பஸ் பிடித்துக் கீழே கிராமத்துக் கடைக்குப் போனார்கள். கடையில் இருந்ததிலேயே பெரிய சொக்கலேட்டும் ஒரு துண்டு மலைச் சீஸும் வாங்கினார்கள். அந்தப் பூ முடிச்சு எவ்வளவு முயன்றும் வரவில்லை. கடைசியில் நீலத்துணி கட்டுச்சோற்றுப் பொதியைப் போல முதலாளியம்மாவின் கைக்குப் போனது.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கும்போது முகத்தில் ஒரு கலக்கம் ஓடியதை வேணுகா கவனித்தார். சீஸ் பிடிக்காதோ என்னவோ என்றார் இரவீந்திரன்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வேணுகாவுக்குக் கையால் வரைந்த விசிறி, இரவீந்திரனுக்குப் பெருவிரல் பிரித்த காலுறை. கொடுத்துவிட்டு, இவர்கள் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா வணங்கி வணங்கிப் பின்னாலேயே நடந்து போய்விட்டார்.

“அவவிட்டை ஒரு கடையே இருக்குது போல” என்றார் வேணுகா.

இரவீந்திரனின் பார்வை மெல்ல மனைவியின் பெட்டிப் பக்கம் போனது. அதற்குள் வெள்ளிவிழாவுக்கு வாங்கிய புதுப் பட்டுச்சேலை இருந்தது. வேணுகா எழுந்து போய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

இரவீந்திரன் கண்ணை மூடி யோசித்தார். பொருள் கொடுத்தால் பொருள் வருகிறது. கொடுக்கக் கொடுக்க வரும். இந்த அம்மா தோற்கிற ஆள் அல்ல. ஆனால் சாப்பாடு? கோப்பையில் போட்டு, சாப்பிட்டு முடித்த சோற்றை ஒருவராலும் திருப்பித் தர முடியாது. யோசனை வந்ததும் எழுந்தார். மண்டபத்தில் இருந்த முதலாளியம்மாவிடம் மீன்கறி பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்று அவர் தலையாட்டினார். அது போதுமாக இருந்தது.

தாடிக்காரரிடம் போய், இன்று இரவுச் சாப்பாடு தன்னுடைய பொறுப்பு, அடுப்படியைத் திறந்துவிடவும் என்றார். தாடிக்காரர் தாடியைச் சொறிந்தார்.

“மேடத்திட்டைக் கதைச்சிட்டன். அவவுக்குச் சம்மதம்” என்றார் இரவீந்திரன் ஜெர்மனில், அதே தோரணையில்.

“அவருக்குச் சம்மதமா?”

“முழுச் சம்மதம்.”

“அப்படியென்றால் சரி” என்று தாடிக்காரர் ஏப்ரனை எடுத்துக் கொடுத்தார். உதவிக்கு நிற்கட்டுமா என்றும் கேட்டார். இரவீந்திரன் அவரிடம் வெங்காயத்தைக் கொடுத்தார்.

ஏரி மீன் கிடைத்தது. தேங்காய்ப்பால் டின்னில் கிடைத்தது. யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் வேணுகாவின் கைப்பையில் எப்போதும் இருப்பதுதான். தாடிக்காரர் வெங்காயம் உரித்து அழுதுகொண்டிருந்தார். கொண்டாட்டத்துக்கு உடுத்துக்கொண்டு வந்த வேணுகா, உடுத்த கையோடு புளி கரைத்தார்.

“இஞ்சேருங்கோ. எங்கட கல்யாண நாளில நான் பட்டுச்சீலையோட ஆரோ ஒருத்தரின்ர குசினியில நிக்கிறன்.”

“இதோட முடிஞ்சுது, வேணு. இனி ஒரு கடனும் இல்லை. நாளைக்கு முழு விருந்தாளி.”

முதலாளியம்மா நடுமேசையில் இருந்து, நெற்றி வேர்க்க, கண்ணீர் ஓட, இரண்டாம் தரமும் கறி வாங்கிச் சாப்பிட்டார். இவ்வளவு நல்லதை எங்கும் சாப்பிட்டதில்லை என்று சத்தியம் செய்தார். வாசனை பிடித்துக்கொண்டு பக்கத்து அறை சுவிஸ் முதியவர்கள் இருவர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களை எழும்பிப் போங்கள் என்று சொல்ல முடியுமா? இரவீந்திரன் அவர்களுக்கும் பரிமாறினார். தண்ணீர் கேட்டார்கள், கொண்டுபோய் வைத்தார். ஒரு கட்டத்தில் தோளைத் தொட்டுப் பார்த்தார். கை துடைக்கும் துவாய் ஒன்று அங்கே தானாக ஏறியிருந்தது.

எல்லாம் முடிந்து அவர் அடுப்படிக்குள் வந்தபோது, வேணுகா மேசை ஓரத்தில் நின்றபடி, சட்டியில் மிஞ்சிய குழம்பில் பாண் துண்டைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாடிக்காரரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். புதுப் பட்டில் மஞ்சள் தெறித்திருந்தது. இரவீந்திரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபத்தைந்து வருடத்தில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு மாலை, அதையும் தானே பறித்துவிட்டதாக உணர்ந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்து அந்த மஞ்சளை ஒற்றப் போனார்.

“விடுங்கோ” என்றார் வேணுகா. “கறி நல்லாத்தான் வந்திருக்குது.”

கடைசி நாள் காலையில் இரவீந்திரன் பிடிவாதமாக விருந்தாளியாக எழுந்தார். படுக்கையைக் கசங்கியபடியே விட்டுவிட்டு வந்தார். அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வேணுகா ஆசைப்பட்ட மரத்தொட்டியில் ஆசை தீரக் கிடந்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து அவருக்குப் பக்கத்து மெத்தையில் அமர்ந்தார். கண்ணாடிக்கு அப்பால் ஏரி பளபளத்தது. தாடிக்காரர் தேநீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனார். ஊற்றும்போது தட்டில் கொஞ்சம் சிந்தியது. இரவீந்திரன் அதைத் துடைக்கவில்லை.

“இப்ப பாரும்” என்றார் மனைவியிடம். “கையைக் காலை ஆட்டாமல் இருக்கிறன். இதுதான் விருந்தாளி.”

வேணுகா நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தனக்கும் இது முடியும் என்பதில் இரவீந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. இனி வருடா வருடம் ஒரு ஹோட்டல் என்றுகூட வாக்குக் கொடுத்தார்.

அப்போது மண்டபத்தில் முதலாளியம்மா தெரிந்தார். இன்று கிமோனோ இல்லை. மழைக்கோட்டு, தொப்பி, கையில் சக்கரம் வைத்த பெட்டி. வியாபார விஷயமாக எங்கோ புறப்படுகிறார் போலும் என்று இரவீந்திரன் நினைத்துக்கொண்டார். தூரத்திலிருந்தே அவர் இவரைப் பார்த்து இடுப்பு மடிய வணங்கினார். இவர் உட்கார்ந்தபடியே, விருந்தாளிக்குரிய அளவில், தலையை மட்டும் சாய்த்தார்.

தாடிக்காரர் அந்த அம்மாவிடம் ஏதோ கையை விரித்து விரித்துச் சொன்னார். அவர் முடியாது என்று மென்மையாகத் தலையாட்டினார். தாடிக்காரர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி மறுபடியும் சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே மறுபடியும் தலையாட்டினார். கடைசியில் தாடிக்காரர் இவர்களிடம் வந்து, குனிந்து, மிகுந்த பணிவோடு சொன்னார்:

“தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் ஐயா, அந்த அம்மா ஜப்பானுக்குத் திரும்பிப் போகிறார், அறைத் திறப்பை முதலாளியின் கையில்தான் கொடுப்பேன் என்று நிற்கிறார், முதலாளி நான்தான் என்று எத்தனை தரம் சொல்லியும் நம்புகிறார் இல்லை, ‘மாஸ்டர்’தான் முதலாளி என்கிறார், நீங்கள் ஒருதடவை வந்து அவரிடம் சொல்லிவிடுவீர்களா?”