செயலாளர் வீட்டுப் பன்றிக்கறி

றொசல்ல,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள மேர்வின் மச்சானுக்கு,

கடல் அமைதியாகவும் கப்பல் அடுப்பு சீராகவும் எரிய, நீங்கள் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டுகிறோம். இங்கே நானும் உங்கள் அக்கா சிசிலியும் மருமகள் நிரோஜினியும் உடலளவில் சுகம். "வொயிஸ்ல சொல்லுங்க மச்சான், இந்தக் காலத்துல யாரு கடிதம் எழுதுறா" என்று நீங்கள் சொல்வீர்கள். முப்பத்துநான்கு வருடம் ஹட்டன் நிருபராக இருந்தவனுக்கு நடந்ததை எழுதித்தான் சொல்ல வரும். நிரோஜினி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். முடிவில் உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன். நீங்கள் அதை மறுக்க முடியாதபடி முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்னணி உங்களுக்குத் தெரியும், என்றாலும் பதிவுக்காக எழுதுகிறேன். நிரோஜினியும் பிரதாப்பும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். பிரதாப்பின் அப்பா அழகுமுத்து வாத்தியார் எங்கள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர், நான் செயலாளர். "பியர் வாடை அடிக்கிற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று அவர் மேடையில் முழங்கியதை நானே மூன்று முறை செய்தியாக அனுப்பியிருக்கிறேன். நத்தார்ப் பண்டிகைக்கு அவர் கல்யாணம் பேச வந்தபோது உங்கள் அக்கா வைத்த பன்றிக்கறியில் அவருடைய பல் செட்டு மாட்டிக்கொண்டது. இறைச்சித் துண்டு தட்டுக்குத் திரும்பியது, பல்லும் அதனுடன் போனது. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு "நல்லது, பெறகு பாப்போம்" என்று எழுந்தவர் ஐந்து மாதம் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. போன வாரம் திடீரென்று, ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வருகிறேன், அதே பன்றிக்கறி இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். விட்ட பாடத்தை விட்ட இடத்திலேயே தொடங்குவது அவருடைய வழக்கம்.

நிரோஜினி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அப்பா, இந்தத் தடவையும் கறி கல்லு மாதிரி இருந்திச்சுன்னா நான் கன்னியாஸ்திரியாப் போயிருவேன்" என்றாள். அப்போதுதான் கப்பலில் சமைக்கும் உங்களிடம் கேட்டோம். நீங்கள் அனுப்பிய வொயிஸ் இங்குள்ள சிக்னலில் இரண்டு துண்டாக உடைந்து, முதல் துண்டு மட்டும் வந்து சேர்ந்தது. "வெங்காயம், மிளகு, பட்டை போட்டுப் பெரட்டி ஒரு போத்தல் பியர ஊத்துங்க மச்சான், எறைச்சி பஞ்சா வரும், தண்ணி ஒரு சொட்டு வேணாம்." பாதிச் செய்தியை அச்சுக்கு அனுப்பாதே என்று எத்தனை இளம் நிருபர்களுக்குச் சொல்லியிருப்பேன். அந்தப் பாதியை நம்பி நானே கிளம்பினேன்.

நம் ஊருக்குப் பக்கத்தில் இருந்த வைன் கடையை மூடவைத்தது எங்கள் சங்கம். பிரேரணையை எழுதியவன் நான். ஆகவே ஒரு பியர் போத்தலுக்காக நான் ஹட்டனுக்கு ரயில் ஏற வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை போனேன், அன்று பௌர்ணமிப் போயா, கடை பூட்டு. போயா தினத்தில் மதுக்கடை மூடப்படும் என்ற அறிவித்தலை முந்நூறு தடவையாவது எழுதியிருப்பேன், அது என்னைப் பற்றியது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சனிக்கிழமை மாஸ்க், தொப்பி, குடை மூன்றுடனும் மறுபடி போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர். என் முறை வந்ததும் கடைக்காரர் "லாகரா, ஸ்ட்ரோங்கா?" என்று கேட்டார். பழக்கமில்லாத மனிதன், உண்மையைச் சொல்லிவிட்டேன்: "பன்றி இறைச்சிக்கு எது நல்லது?" வாங்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்களும் திரும்பி வந்தார்கள். "ஐயா, பன்னிக்கு லாகர்தான், ஸ்ட்ரோங் ஊத்துனா கசக்கும்" என்றார் ஒருவர். "யாருடா சொன்னா? எங்க மாமா கல்யாணத்துல ஸ்ட்ரோங்லதான் வச்சாங்க, சட்டிய வழிச்சு நக்குனோம்" என்றார் இன்னொருவர். "அண்ணே, மொதல்ல நீங்க குடிங்க, அப்புறம் எறைச்சி வெந்தா என்ன, வேகாட்டி என்ன" என்றார் மூன்றாமவர். வாக்கெடுப்பில் லாகருக்கு எட்டு, ஸ்ட்ரோங்குக்கு மூன்று. லாகர் வாங்கினேன். கடைக்காரர் அதைப் பழைய பத்திரிகைத் தாளில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். நான் ஆயுள் முழுவதும் எழுதிய பத்திரிகை.

போத்தலைப் பையில் வைத்துத் திரும்பினால் பின்னால் நிற்பவர் கந்தப்பன், எங்கள் சங்கத்தின் பொருளாளர். அவரும் மாஸ்க், தொப்பி, குடை. "வெத்துப் போத்தல் வாங்க வந்தேங்க, தேன் ஊத்த" என்றார். "நான் இந்தக் கடை எத்தனை மணிக்குத் தெறக்குறாங்கன்னு கணக்கெடுக்க வந்தேன்" என்றேன். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் தேயிலை விலையைப் பற்றி மட்டும் பேசினோம். எங்கள் இரண்டு பைகளும், சங்கத்தின் பெயர் அச்சடித்து அங்கத்தவர்களுக்குக் கொடுத்த அதே வெள்ளைத் துணிப் பைகள், தலைக்குமேல் பக்கத்தில் பக்கத்தில் ஆடிக்கொண்டு வந்தன. றொசல்லையில் ஆளுக்கொன்றை இழுத்துக்கொண்டு இறங்கி, ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

ஞாயிறு காலை, பக்கத்து வீட்டார் ஜன்னலால் பார்ப்பார்கள் என்று தாளைப் பிரிக்காமலே மூடியை மட்டும் திறந்தேன். ரயிலில் குலுங்கிய பியர் என் நெற்றிவரை வந்தது. மிஞ்சியதில் முக்கால் பங்கை இறைச்சியில் ஊற்றி ஊறவைத்தோம், கால் பங்கைத் தாளோடு சிங்க்குக்குக் கீழே ஒளித்தோம். சீக்கிரம் வேகட்டும் என்று பதினொன்று பத்துக்கு பிரஷர் குக்கரில் ஏற்றியது நான். உங்கள் அக்காவைத் திட்டாதீர்கள். பதினொன்று இருபத்தைந்துக்கு குக்கர் விசிலடிக்கவில்லை, இருமியது. பிறகு வெய்ட் கழன்று கூரைக்குப் போக, துளை வழியாகப் பழுப்பு நுரை தூண் மாதிரி எழுந்து தகரத்தில் அடித்து எங்கள் மூவர் மேலும் மழையாகப் பெய்தது. மிளகு, பட்டை எல்லாம் சரியான அளவில் இருந்ததை அப்போதே உணர்ந்தேன். அதே நிமிடம் முன்வாசலில் வாத்தியார் குரல்: "வீட்டுல யாருங்க?" சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் வருவது அவருடைய இன்னொரு வழக்கம்.

நான் சட்டை மாற்றி ஓடினேன். வாத்தியார் மூக்கைத் தூக்கி, கண்ணை மூடி, நெடுநேரம் நின்றார். பின்னால் நின்ற பிரதாப்பின் முகம் வெளுத்தது. "என்னங்க இது, ஒரு வாசம்?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் உங்கள் அக்கா உள்ளேயிருந்து, "அப்பத்துக்கு மாவு புளிச்சிருக்குங்க!" என்றாள். "அப்பமா! எங்க வீட்டுல பொம்பள ஆளு போனதுக்கு அப்புறம் நல்ல அப்பமே கெடைக்கல. கறியோட அதையும் வைங்க" என்று உட்கார்ந்துவிட்டார். மச்சான், எங்கள் வீட்டில் புளித்த மாவு இல்லை. ஒரு கரண்டிகூட இல்லை. நிரோஜினி அலமாரியைத் திறந்தாள். அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கொஞ்சம் சீனியையும் எடுத்தாள், சிங்க்குக்குக் கீழே இருந்த கால் போத்தலை அதில் கவிழ்த்தாள். முக்கால் மணியில் மாவு பொங்கி நின்றது. அவள் விஞ்ஞானம் படிப்பிப்பவள் என்பதை அன்றுதான் நம்பினேன். இறைச்சி சட்டிக்கு மாறி, மூடாமல் வெந்தது. பன்னிரண்டு இருபதுக்கு உங்கள் வொயிஸின் இரண்டாம் துண்டு வந்து சேர்ந்தது: "குக்கர்ல மட்டும் வச்சிராதீங்க மச்சான்."

வாத்தியார் ஒன்பது அப்பம் சாப்பிட்டார். கறியின் முதல் வாயில் சற்றே நின்று, என்னைப் பார்த்து, தட்டைப் பார்த்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பல் அசையவில்லை. "சிசிலி, இதுல என்ன போட்டீங்க?" "பொறுமைதாங்க போட்டேன்" என்றாள் உங்கள் அக்கா, மேசைக்குக் கீழே என் காலை மிதித்தபடி. கை கழுவியதும் "தை மாசமே வச்சிக்குவோம்" என்று அவர் சொல்ல, பிரதாப் சமையலறைப் பக்கம் ஓட, நிரோஜினி அழுதாள், சிரித்தாள்.

ஆனால் மச்சான், எனக்கு உறக்கம் இல்லை. குடிக்காத மனிதரைக் கேளாமல் பியரில் நனைத்திருக்கிறேன். பிள்ளையின் கல்யாணத்தை ஒரு பொய்யின் மேல் நிறுத்தியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு மறுப்புச் செய்திகூடப் போட வேண்டி வந்ததில்லை எனக்கு. ஆகவே வாத்தியாருக்கு முழு உண்மையையும், ஒரு போத்தல் லாகர் என்ற விபரம் உட்பட, ஒரு பக்கத்தில் எழுதி, செயலாளர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். உங்களிடம் கேட்பது இதுதான்: இன்று மாலைக்குள் அவருக்கு போன் எடுத்து, யோசனை தாய்மாமனாகிய என்னுடையது, பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் வார்த்தைக்கு அவர் மதிப்புக் கொடுப்பார்.

கப்பலையும் கரையையும் ஒரே கையில் தாங்குபவர் உங்களைத் தாங்கட்டும். உங்கள் கரண்டிக்குக் குறைவு வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
வியாகுலம்

பி.கு.: போன் எடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை மடிக்குமுன் வாத்தியாரே வந்துவிட்டார். மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒப்புதல் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார், சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து ஒரு சொல்லின் கீழ் கோடு போட்டார். "இதுல ஒரு பெழ இருக்குங்க. லாகர் இல்ல, ஸ்ட்ரோங்." சிங்க்குக்குக் கீழிருந்த போத்தலின் தாளை முதல் தடவையாகப் பிரித்தேன். ஸ்ட்ரோங். வாத்தியார் குரலைத் தாழ்த்தினார்: "சனிக்கெழம கந்தப்பன் எனக்குக் கொண்டாந்து குடுத்தது லாகரு. மூட்டு வலிக்கு வாரத்துக்கு ஒரு ஸ்ட்ரோங்குதாங்க. உங்க கறியில மொத வாய் வச்சப்பதான் என் போத்தல் எங்க போச்சுன்னு தெரிஞ்சிச்சு." விலகல் கடிதத்தைக் கிழித்து என்னிடமே தந்தார். நிச்சயதார்த்தத்துக்கும் அதே கறி, அதே அப்பம் என்பது அவருடைய நிபந்தனை. சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு பிரேரணை: அங்கத்தவர்களின் பைகள் இனிமேல் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும். முன்மொழிபவர் தலைவர், வழிமொழிபவர் பொருளாளர். குறிப்பெடுப்பவன் நான்.